பதில் வராவிட்டால் பூச்சியம்

பலகை முழுக்கப் பச்சையாக இருந்தது. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

நான் பிறவிச் சந்தேகக்காரி. கதவைப் பூட்டிவிட்டு மறுபடி மறுபடி இழுத்துப் பார்ப்பேன். எங்கள் ஊர் அலவத்துகொடையில் பஸ் ஏறியதும், அடுப்பை அணைத்தேனா என்று கேட்டு உம்மாவுக்குப் போன் எடுப்பேன். அன்று காலையிலிருந்து கண்டி நகரம் குடைக்குள் ஒடுங்கிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் மலைப்பக்கத்து மழைமானிகள் எல்லாம் ஒரே குரலில் "பயமில்லை" என்று சொன்னால், என்னைப் போன்ற ஒருத்திக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

எங்கள் கந்தோர் கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. மூன்று மேசை, மூன்று கணினி, முதலாளி ஹாஷிம் நானா. கொழும்பிலுள்ள ஒரு நிவாரண அமைப்புக்காக மண்சரிவு எச்சரிக்கைப் பலகை ஒன்றைச் செய்து நடத்திவருகிறோம். தோட்டங்களில் முப்பத்துச் சொச்சம் மழைமானிகளை வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிம், இணையத்தில் ஒரு முகவரி. எங்கள் சர்வர் சற்றைக்கொரு தரம் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, எவ்வளவு மழை என்று கேட்கும். அளவு மீறினால் பலகையில் அந்த இடம் சிவக்கும், அங்குள்ள குடும்பங்களுக்கெல்லாம் மெசேஜ் போகும், ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ இறங்கிவிடுவார்கள். பச்சையாக இருந்தால் வீட்டிலேயே இருப்பார்கள். எங்களை நம்பித்தான் இருப்பார்கள்.

போன வாரம் வரை சர்வர் மழைமானிகளை ஒவ்வொன்றாகத்தான் கேட்டது. ஒன்று பதில் சொன்ன பிறகுதான் அடுத்தது. நடுவில் ஒன்று வாய் திறக்காமல் இருந்துவிட்டால் பின்னால் உள்ளவை எல்லாம் காத்துக் கிடக்கும், பலகை அப்படியே உறைந்து நிற்கும், கொழும்பிலிருந்து ஹாஷிம் நானாவுக்கு ஏச்சு விழும். என் தங்கையின் கலியாணத்துக்கு நான் லீவில் நின்றபோது, என்னோடு வேலை செய்யும் யோகராஜ் அதை மாற்றி எழுதினான். இப்போது சர்வர் எல்லோரையும் ஒரே நேரத்தில் கேட்கும். ஐந்து வினாடி பார்க்கும். வந்த பதில்களை வாரி எடுத்துக்கொண்டு பலகையை நிரப்பிவிடும்.

"தபால் கந்தோரு கியூல நிக்கிற மாதிரி நிக்க வேணாம்க்கா. எல்லாருகிட்டயும் ஒரே மூச்சுல கேட்டுறலாம்" என்று, நான் திரும்பி வந்த அன்று திரையைக் காட்டிப் பெருமையாகச் சொன்னான். பலகை கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பியது. நானும் மெச்சினேன். என் வாயால் மெச்சல் வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல.

யோகராஜ் பன்வில பக்கம் நாகமலைத் தோட்டத்துப் பையன். கிழமை நாட்களில் கண்டியில் போர்டிங், வெள்ளி மாலை ஊருக்குப் பஸ். அம்மா அங்கம்மாவும் தங்கை நிரோஷாவும் தோட்டத்து லயத்தில் இருக்கிறார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளை அங்கே காம்பரா என்பார்கள்; அவர்களுடையது கடைசி அறை, அதற்குப் பின்னால் மலை. மழைமானி வைக்க இடம் பார்க்கப் போனபோது அந்த மலையை நானும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

அன்று பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவள், பலகையில் நாகமலையைத் தட்டி உள்ளே பார்த்தேன். காலையிலிருந்து மழையளவு படிப்படியாக ஏறி வந்திருந்தது. நடுப்பகலுக்குப் பிறகு இன்னும் வேகமாக ஏறி, சிவப்புக் கோட்டைத் தொட ஒரு விரல்தான் இருந்தது. அதற்கடுத்துப் பூச்சியம். அதற்கடுத்தும் பூச்சியம். தண்ணீர்க் குழாயைத் திருகி மூடியதுபோல மழை நின்றிருந்தது.

மழை அப்படி நிற்காது. சன்னலுக்கு வெளியே எதிர்க்கடைப் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை.

"யோகா, நாகமலையில மழ நின்டுட்டா?"

"பலகையில பச்சைதானேக்கா" என்றான், திரும்பாமலே.

"நான் பலகையக் கேக்கல்ல. அம்மாக்குக் கோல் எடுத்தீங்களா?"

"இல்லக்கா. போன் வரலைன்னா சொகமா இருக்காங்கன்னுதான் அர்த்தம். ஏதாச்சும்னாதான் அம்மா கூப்புடும்."

அவர்கள் வீட்டு வழக்கம் அது. லயத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். வீட்டுக்கு ஒரு போன், அதிலும் பாதி நேரம் சார்ஜ் இருக்காது. அதனால் நல்லதைச் சொல்ல யாரும் போன் எடுப்பதில்லை. போன் வந்தால் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் சாவு. அப்பா தேயிலை மலையில் விழுந்து போய்விட்டார் என்பதை அப்படியொரு போனில்தான் கேட்டதாக ஒருநாள் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு வீட்டு நம்பர் திரையில் விழுந்தாலே எடுக்கப் பயமாம்.

நான் சர்வரின் பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று அங்கே வரிசையாக இருக்கும். நாகமலைக்கு நேரே: பதில் இல்லை. முந்தைய சுற்று: பதில் இல்லை. அதற்கு முந்தையதும் அதே.

"யோகா, இங்க வாங்க. பதில் வரல்லென்டா என்னத்தப் போடச் சொல்லி எழுதினீங்க?"

"பூச்சியம்க்கா. வெறுமையா விட்டா கூட்டுற எடத்துல எரர் வந்துச்சு. கூட்டறதுக்கு ஏதாச்சும் ஒரு நம்பர் வேணும்ல, அதான்…"

பாதியில் நின்றுவிட்டான். என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தான். பிறகு சன்னலைப் பார்த்தான்.

"அக்கா" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் முகத்தைப் பார்த்ததும் திரைக்கே திரும்பினேன். மழை கூடினால் கரண்ட் போகும், டவர் போகும், மழைமானி ஊமையாகும். எங்கே மழை மோசமோ அங்கிருந்துதான் பதில் வராது. பழைய முறையில் அப்படி ஒன்று ஊமையானால் பலகையே உறைந்து நிற்கும், நாங்கள் அலறிக்கொண்டு என்னவென்று தேடுவோம். புது முறையில் எதுவும் நிற்கவில்லை. பதில் சொல்லாத இடத்துக்குப் பச்சை பூசிவிட்டுச் சர்வர் அடுத்த சுற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. தன் வீட்டு வழக்கத்தை அவன் அறியாமலே சர்வருக்கும் பழக்கிவிட்டிருந்தான்.

பதில் இல்லையென்றால் சிவப்பு என்று மாற்றுவதற்கு ஒரு வரி போதும். அதை எழுதுவதற்குள் நான் எத்தனை தரம் தப்பாகத் தட்டினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஹாஷிம் நானா எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"ஷஹ்மா, நாளைக்குக் கொழும்பு ஆக்கள் பலகையப் பாக்கப் போறாங்க. சும்மா செவப்பாக்கிப் போடாதீங்க."

"சும்மா இல்ல நானா. யோகாட வீடு அங்க ஈக்கி."

அவர் யோகராஜைப் பார்த்தார். "போடுங்க" என்றார்.

பலகை ஒருமுறை கண் சிமிட்டியது. நாகமலை சிவந்தது. கம்பளைக்கு மேலே சின்னக்கரையும், அதைத் தாண்டி மூங்கில்காடும் சிவந்தன. மெசேஜுகள் கிளம்பின. நாகமலையின் மெசேஜுகள் ஒவ்வொன்றுக்கும் நேரே "போய்ச் சேரவில்லை" என்று விழுந்துகொண்டே இருந்தது. டவர் செத்த இடத்தில் எந்தப் போனுக்குப் போய்ச் சேரும்?

யோகராஜ் அம்மாவின் நம்பரை அழுத்தினான். தொடர்புகொள்ள முடியவில்லை என்று பதிவுக் குரல் பெண் சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் அலுக்காமல் சொன்னாள். பக்கத்து அறைக்காரரின் நம்பருக்கும் அவளே வந்தாள். தோட்டத் தலைவருக்கும் அவள்தான்.

"ஒவ்வொன்டா எடுக்காதீங்க, எனக்கும் நானாக்கும் நம்பர்களத் தாங்க!" என்று கத்தினேன். மூன்று பேரும் மூன்று மூலையில் நின்று ஒரே நேரத்தில் கூப்பிட்டோம். நானா கிராம சேவகரையும் பொலிஸையும் பிடிக்கப் பார்த்தார். பொலிஸ் எடுத்தது. வேறெங்கோ பாதை இடிந்து ஆட்களெல்லாம் அங்கே என்றது. யோகராஜ் தோட்டத்து டிஸ்பென்சரி, பள்ளிக்கூடத்து அதிபர் என்று தேடினான், ஒருவரும் அகப்படவில்லை. பன்வில பக்கம் எனக்கு யாரைத் தெரியும் என்று மண்டையைப் போட்டு உடைத்தபோதுதான் ஸிபானின் நினைப்பு வந்தது.

ஸிபான் என் சாச்சாவின் மகன், சித்தப்பா மகன். பேக்கரிப் பாண் விற்கிற த்ரீவீல் ஓட்டுகிறான். கூரையில் ஒலிபெருக்கியை வைத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக வருமே, அந்த த்ரீவீல். வத்தேகமையிலிருந்து பன்வில வரை அவனுடைய பாதை.

முதல் ரிங்கிலேயே எடுத்தான். "சொல்லுங்க தாத்தா." எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"எங்கடா நீ?"

"பன்வில கடயடில ஒதுங்கி நிக்கிறன். பாண் அப்பிடியே ஈக்கி. இந்த மழைக்கு யாரு வார?"

நான் மூச்சு விடாமல் சொன்னேன். நாகமலை, லயத்துக்குப் பின்னால் மலை, கடைசி அறை, ஆபத்தென்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது, போன் வேலை செய்யாது, போய் எல்லோரையும் இறக்கு. த்ரீவீல் உறுமும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். யோகராஜ் நானாவின் மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினான். ஹாஷிம் நானா போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். "நீங்க போய்ச் சேர முந்தி அவன் போய்டுவான். வழியில உங்களுக்கு ஒன்டு நடந்தா அம்மாக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். யோகராஜ் உட்கார்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடவில்லை.

"நான்தானேக்கா எழுதுனேன்" என்றான், அதற்குள்ளிருந்து.

"தண்ணி குடிங்க" என்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, ஒருநாளும் வந்ததில்லை.

ஸிபானிடமிருந்து போன் வந்தது. மழைச் சத்தத்தில் குரல் உடைந்து உடைந்து வந்தது. "தாத்தா, மேல ஏற ஏலா. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் மேல மரம் விழுந்து றோட்ட மறிச்சீக்கி. மத்தப் பக்கம் தண்ணி பாயுது. லயம் இங்கருந்தே தெரியுது. ஒத்தரும் வெளிய இல்ல. கத்திப் பாத்தன், கேக்குதில்ல."

"பாட்டப் போடு."

"என்ன?"

"பாட்டப் போடுடா! ஏலுமான சத்தத்துக்குப் போடு!"

"இந்த மழையில யாரு தாத்தா பாணுக்கு…"

"ஸிபான்!"

அந்தப் பாட்டு என் காதுக்குள் கிர்ரென்று கிளம்பியது. விடியக்காலையில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நான் வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த பாட்டு. ரெண்டாம் அடி முடிவதற்குள் லைன் அறுந்துவிட்டது.

திரும்ப எடுத்தேன். மூன்று மொழிக்காரி வந்தாள். மறுபடி எடுத்தேன், அவளேதான். இப்போது ஸிபானும் அந்த மலைக்குக் கீழே நிற்கிறான். அவனை அங்கே அனுப்பியவள் நான். அவன் உம்மா, என் சாச்சியின் முகம் கண்ணுக்குள் வந்தது. வாயில் வந்த ஸலவாத்தையெல்லாம் ஓதிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்தது. நான் எழுந்து தொழப் போகவில்லை.

அப்போது யோகராஜின் போன் அடித்தது.

மேசையில் கிடந்து, அதிர்ந்து அதிர்ந்து சுற்றியது. திரையில் "அம்மா" என்றிருந்தது. நான் சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். அவன் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

"எடுங்க யோகா!"

"வேணாம்க்கா. அம்மா சும்மா கூப்புடாது. நிரோஷாவுக்கு ஏதோ… வேணாம்க்கா, என்னால முடியாது."

போன் இன்னும் அடித்தது. நின்றுவிட்டால் என்ன செய்வோம் என்ற பயத்தில் நானே பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"யோகராசு?" பெண் குரல். பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம், மழை, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். "யோகராசு, கேக்குதா? லயம் போயிருச்சுப்பா."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா, நிரோஷா எங்க? எல்லாரும் எங்க?" என்று நான் கேட்டேன்.

"எல்லாரும் இருக்கோம்மா. கீழ பள்ளிக்கூடத்துல இருக்கோம், இங்கதான் சிக்னல் கெடச்சுது. நிரோஷா இந்தா பக்கத்துல நிக்கிறா. மத்தியானத்துக்கு மேல கரண்டு இல்ல, வெறகெல்லாம் நனஞ்சு அடுப்பும் எரியல, புள்ளைங்க பசியில கெடந்துச்சுங்க. பாண் பாட்டு கேட்டதும் ஓடுச்சுங்க. மேல வர மாட்டேன், கீழ வந்தாத்தான் பாணுன்னு அந்தப் பய கையக் காட்டிக்கிட்டே நின்னான். புள்ளைங்க போவுதேன்னு நாங்களும் அதுங்க பொறத்தால எறங்குனோம். கெழடு கட்டையெல்லாம் தூக்கிட்டு வாங்கன்னு அப்பறந்தான் கத்துறான். தூக்கிட்டு எறங்குனோம். மரத்தத் தாண்டி இங்கிட்டு வந்தோம், பின்னால ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா எங்க பக்கத்துக் காம்பரா ஒண்ணுகூட இல்ல."

"பாண்காரப் பையன்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இருக்கான். புள்ளைங்களுக்குப் பாணு பிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கான். யோகராசு எங்க? பேச மாட்டேங்குறான்?"

யோகராஜ் வந்து இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டான். "அம்மா" என்று மட்டும் சொன்னான். மறுபடி அதையே சொன்னான். ஹாஷிம் நானா சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மேசையில் தலையைப் போட்டுக்கொண்டு அழுதேன். அழுததில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் நானாவே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார், மூன்று கோப்பை. இந்தக் கந்தோரில் அவர் கையால் தேத்தண்ணி குடித்தது அன்றுதான். யோகராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் ஈரம். "அம்மா கூப்புட்டுச்சுக்கா. இருக்கோம்னு சொல்லக் கூப்புட்டுச்சு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சீனி கூடிப்போய்த் தேன்மாதிரி இருந்த தேத்தண்ணியை மூவரும் ஊதி ஊதிக் குடித்தோம்.

கோப்பையை வைக்கும்போது என் கண் பலகையில் விழுந்தது.

பச்சைக்கு நடுவில் மூன்று சிவப்பு. நாகமலையைத் தெரியும், அது ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது நன்றாகவே தெரியும். சின்னக்கரை சிவப்பாகவே இருந்தது. மூங்கில்காடும் சிவப்பாகவே இருந்தது. இரண்டுக்கும் போன மெசேஜுகளுக்கு நேரேயும் "போய்ச் சேரவில்லை" என்றுதான் இருந்தது. அஸரிலிருந்து மக்ரிப் வரை மூன்று பேர் மூன்று போனை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் கூப்பிட்டோம். அத்தனை அழைப்பும் ஒரே மலைக்குத்தான் போனது. மற்ற இரண்டு இடத்துக்கும் ஒருவரும் ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. எனக்கு முகம் எரிந்தது.

"யோகா" என்றேன்.

அவன் என் பார்வை போன பக்கம் பார்த்தான். சிரிப்பு மெல்ல மெல்ல முகத்திலிருந்து இறங்கியது.

"அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாருக்கா இருக்கா?"

"ஒத்தரும் இல்ல."

அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சின்னக்கரையில் பதிந்திருந்த நம்பர்களைத் திறந்து முதலாவதை அழுத்தினான். ஹாஷிம் நானா கேட்காமலே மூங்கில்காட்டை எடுத்துக்கொண்டார். கம்பளைப் பக்கம் பாண் த்ரீவீல் ஓட்டுகிறவர்கள் யாரையாவது தெரியுமா என்று ஸிபானைக் கேட்க, நான் என் போனை எடுத்தேன்.